டீசல் ரயில் என்ஜின்: புதுப்பித்தலும் ஓய்வும்

ரயில் என்ஜினின் எல்லா உறுப்புக்களும் ஒரே காலத்தில் மூப்படைவதில்லை. கனத்த எஃகினாலான அடிச்சட்டம் பல பத்தாண்டுகள் உழைக்கவல்லது. கடும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்படும் பிஸ்டன், வால்வு முதலியவை விரைவில் தேய்கின்றன. மின்கம்பிகளின் காப்புறையும் நாளடைவில் நொறுங்குகிறது. உறுதியானதைக் காத்து, தேய்ந்ததை மாற்றுவதே புதுப்பித்தலின் அடிப்படையாகும்.

இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.-2 வகை என்ஜின் இதற்குத் தக்க சான்றாகும். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்த இவ்வகை, 1962-இல் இந்தியாவுக்கு வந்தது. 1964 முதல் வாரணாசியில் தயாராயிற்று. இதன் டீசல் இயந்திரத்திற்குப் பதினாறு சிலிண்டர்கள். திறன் 2,600 குதிரைத்திறன். பிரயாணி வண்டி, சரக்கு வண்டி ஆகிய இரண்டையும் இழுக்க ஏற்றதாகையால், இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட என்ஜின்கள் செய்யப்பட்டன.

டீசல் என்ஜினுக்கு ரயில்வே வகுத்த ஆயுட்காலம் 36 ஆண்டுகள். அதன் நடுவில், ஏறக்குறைய 18-ஆம் ஆண்டில், புதுப்பித்தல் நிகழ்ந்து வந்தது. இப்பணிக்குப் பெயர் பெற்றது பாட்டியாலாத் தொழிற்சாலை. அதற்கு 1981-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. அங்கு என்ஜின் முற்றிலும் பிரிக்கப்பட்டு, அடிச்சட்டத்தில் விரிசல் உண்டா என்று சோதிக்கப்பட்டது. நேர்மின்சார ஜெனரேட்டரை அகற்றி, ஆல்ட்டர்னேட்டரும் ரெக்டிஃபயரும் பொருத்தினர். தேய்வுக்கு இடமான கம்யூட்டேட்டர் இதில் இல்லையாதலால் பராமரிப்பு குறைந்தது. புகைவாயுவின் விசையால் சுழன்று சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தும் டர்போசார்ஜருக்குப் பதிலாக, மேலும் திறமையான ஒன்று அமைந்தது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எண்ணெயும் மிகுதியாக எரியும். ஆகவே சிலிண்டர்களின் எண்ணிக்கை கூடாமலே திறன் 3,100 குதிரைத்திறனாக உயர்ந்தது. இவ்வாறு மாறிய என்ஜின் டபிள்யூ.டி.எம்.-3ஏ எனப் பெயர் பெற்றது.

எனினும், புதுப்பிப்பதால் எப்போதும் இலாபம் கிடைக்கும் என்பதில்லை. அடிச்சட்டம் பழுதுற்றாலோ, செலவுக்கு ஈடான உழைப்பு எஞ்சியிராவிட்டாலோ என்ஜினுக்கு ஓய்வளிப்பதே முறை. வெளிக்காரணமும் ஒன்றுண்டு. அகலப்பாதை முழுவதையும் மின்மயமாக்க 2018-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மின்கம்பி வந்த பாதையில் டீசல் என்ஜினுக்கு வேலை குறைகிறது. ஆயுள் எஞ்சிய என்ஜினும் ஒதுங்க நேர்கிறது. ஆகவே, பணம் செலவிடுமுன் என்ஜினின் நிலையோடு அது ஓடவிருக்கும் பாதையின் எதிர்காலத்தையும் ஆராய்வது இன்றியமையாதது.

ஓய்வுபெற்ற என்ஜினிலுள்ள நல்ல மோட்டார்களும் சக்கரங்களும் பிற என்ஜின்களுக்கு உதிரிப் பாகங்களாகப் பயன்படும். எண்ணெயும் மின்கல அமிலமும் பாதுகாப்பாக நீக்கப்பட்டபின், எஞ்சிய இரும்பு ஏலத்திற்குச் செல்லும்.

இம்முடிவுகளுக்கு ஆதாரம் பணிமனைப் பதிவேடே. மசகு எண்ணெயைச் சோதிக்கையில் அதில் இரும்பும் செம்பும் வழக்கத்தினும் மிகுந்து காணப்பட்டால், உள்ளுறுப்புத் தேய்கிறது என்பது முன்னதாகவே புலனாகும். அப்பதிவு பிழைபடுமாயின், நல்ல என்ஜின் காலத்திற்கு முன்பே கழிக்கப்படும். அல்லது பழுதுற்ற என்ஜின் பிரயாணிகளுடன் நடுவழியில் நின்றுவிடும்.