விரல் நகத்தில் 4 ஆயிரம் பாசுரம்! பெட்டியா, கார்டா? எது வாங்கலாம்?

திருச்சி,

மார்கழி பிறந்தால் ஸ்ரீரங்கத்து வீடுகளில் விடியும் முன்பே திருப்பாவை கேட்கும்.

ஒரு காலத்தில் அது டேப் ரிக்கார்டரில் இருந்து வரும். கேசட்டுக்கு இரண்டு பக்கம், மொத்தம் 60 நிமிடம். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவார்கள்.

இன்று பாட்டுப் பெட்டி வாங்க சிங்காரத்தோப்புக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏம்ப்பா, இதுல எத்தனை பாட்டு ஏறும்?"

கேட்க வேண்டியது அது அல்ல. பாட்டு எதில் குடியிருக்கிறது? அதைக் கேளுங்கள்!

சுழலும் தட்டு

2001-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் வந்தது. உள்ளே 5 ஜி.பி. ஹார்டு டிஸ்க். ஆயிரம் பாட்டு பிடிக்கும் என்றார்கள். ஆனால் உள்ளே சுழல்வது தட்டு. கீழே போட்டால் போச்சு! சத்திரம் பஸ்சில் படியில் தொங்குகிறவருக்குச் சரிப்படுமா?

2005-ல் வந்த ஐபாட் நானோவில் தட்டு இல்லை. வெறும் சில்லுதான். 2014-ல் தட்டு வைத்த ஐபாட் விற்பனை நின்றது. சில்லு ஜெயித்து விட்டது. (அந்தச் சில்லைப் பற்றித் தமிழில் எழுதிய சுஜாதா, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்தான்.)

பாட்டிக்கு எது?

சரிகம கம்பெனி 2017-ல் கொண்டு வந்த கார்வான் பெட்டியில் பாட்டு உள்ளேயே பதிந்திருக்கும். தமிழ்ப் பெட்டியில் 5 ஆயிரம் பாட்டு. பட்டனைத் தட்டினால் பாடும். கண் மங்கிய பாட்டிக்கு இதுதான் சவுகரியம். ஆனால் பிடிக்காததை எடுக்க முடியாது. பிடித்ததைக் கேட்க பென் டிரைவ் சொருகலாம்.

கார்டு போடும் பெட்டியில் இஷ்டம் உங்களுடையது. 1 ஜி.பி.க்கு சுமார் 200 பாட்டு பிடிக்கும். பேராசைப்பட்டு 64 ஜி.பி. வாங்காதீர்கள். 32-க்கு மேல் போனால் பதிவு முறையே வேறு. பழைய பெட்டி முழிக்கும்!

போலியும் உண்டு. மேலே 128 என்று அச்சு, உள்ளே இருப்பது 8. ஏற்றும்போது எல்லாவற்றையும் வாங்கிக் கொள்ளும், பாடச் சொன்னால் பாடாது. வாங்கியதும் முழுக்க நிரப்பி முதல் பாட்டு, நடுப்பாட்டு, கடைசிப் பாட்டு மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

தாத்தா குரல்

சினிமாப் பாட்டு போனால் திரும்பக் கிடைக்கும். தாத்தா பாசுரம் சேவித்த கேசட்?

அதைக் கார்டில் ஏற்றிவிட்டு, "இனிமே இது எதுக்கு?" என்று கேசட்டைக் குப்பையில் போடுகிற வீடுகள் உண்டு. அய்யோ!

சில்லுக்குள் பாட்டாக இருப்பது துளித்துளி மின்சாரம். வருஷக் கணக்கில் பீரோவில் கிடந்தால் அது மெல்லக் கசியும். கேசட்டாவது இழுத்து இழுத்துப் பாடி எச்சரிக்கும். கார்டு அப்படி அல்ல. நேற்று பாடியது, இன்று மவுனம்.

அந்தக் குரலுக்கு மட்டும் கார்டில் ஒன்று, வேறொரு கார்டில் ஒன்று, கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கில் ஒன்று என்று வையுங்கள். பஸ்சுக்கு ஆகாத அந்தத் தட்டு, மேஜையில் அசையாமல் இருந்தால் நல்ல காவல்காரன்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, வைகுண்ட ஏகாதசி அன்று என்று வைத்துக் கொள்ளுங்களேன், மூன்றையும் போட்டுக் கேளுங்கள்.

கேசட்டும் பீரோவில் கிடக்கட்டும். இடத்தையா அடைக்கிறது?