நழுவிய மனம் திரும்பும் கணம்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கிரீன் லேன் என்று இன்றும் பலர் அழைக்கும் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி, வண்டி ஓட்டம் ஓயாத சாலை. அந்தச் சாலையில்தான் மலேசிய பௌத்த தியான மையம் இருக்கிறது. அங்கே பயில வருகிறவர்களுக்குத் தரப்படும் வேலை கேட்பதற்கு மிகச் சிறியது. மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழும்புகிறது. அதை மனத்துக்குள் ‘எழும்புகிறது’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். வெளியேறும்போது ‘தாழ்கிறது’. நடுவே வீட்டுக் கடனோ மகளின் பரீட்சையோ நினைவுக்கு வந்தால் ‘நினைக்கிறேன்’ என்று குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். உட்காரும் நேரம் முடிந்தால் நடக்கும் நேரம். அப்போதும் பாதம் தூக்குவது, நகர்வது, தரையில் படுவது என்று ஒவ்வொன்றையும் கவனித்தபடியே நடை.

இம்முறையை வகுத்துப் பரப்பியவர் பர்மாவின் மகாசி சயாடோ (1904–1982). ரங்கூனில் 1949 முதல் அவர் இதைக் கற்பித்தார். பினாங்குக்கு பர்மா அந்நிய நாடு அல்ல; புலாவ் திக்குஸில் உள்ள பர்மியக் கோயில் 1803-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ரங்கூனில் பிறந்த பயிற்சி இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. இதே மரபு 1970-களில் அமெரிக்காவுக்கும் போனது. அங்கே ஓர் ஆய்வுக்கூடம் இந்தப் பயிற்சியை எடைபோட்டுப் பார்த்தது. வந்த விடை, கவனத்தைப் பற்றி நாம் பொதுவாக நம்புவதையே புரட்டிப் போடுகிறது.

நாம் நம்புவது என்ன? கவனம் என்பது இறுகப் பிடித்துக்கொள்வது என்று நம்புகிறோம். பிள்ளைகளிடம் ‘கவனமா படி’ என்று சொல்லும்போது, புருவத்தைச் சுருக்கி, வேறெதையும் உள்ளே விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு முயற்சியைத்தான் எதிர்பார்க்கிறோம்.

1992-இல் ரேமண்ட், ஷபிரோ, ஆர்னெல் என்னும் மூன்று உளவியலாளர்கள் இந்த நம்பிக்கையோடு ஒத்துப்போகாத விசித்திரமான ஒரு குறைபாட்டை விவரித்தார்கள். திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி மறைகின்றன. ஒவ்வொன்றும் நிற்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவே. அவற்றுக்கிடையில் தேடச் சொன்னவை இரண்டு. முதலாவதைப் பெரும்பாலும் பிடித்துவிடுகிறார்கள். இரண்டாவது அரை நொடிக்குள் வந்துவிட்டால் அடிக்கடி தவறவிடுகிறார்கள். கண் திறந்துதான் இருக்கிறது, உருவமும் விழித்திரையில் விழுகிறது. ஆனாலும் ஆள் அதைப் பார்க்கவில்லை. இதற்குக் ‘கவன இமைப்பு’ என்று பெயர். நாசி கண்டார் கடையில் பரிமாறுகிறவர் ஒருவரே என்றால், முதல் தட்டுக்குக் குழம்பு ஊற்றி முடிக்கும்வரை அடுத்தவர் கேட்பது அவர் காதில் ஏறாது. மூளையும் முதல் உருவத்தில் மூழ்கிக் கிடக்கையில் இரண்டாவது கடந்துபோய்விடுகிறது.

இது மூளையின் மாறாத எல்லையா, பயிற்சியால் நகர்த்த முடிந்த எல்லையா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெலீன் ஸ்லாக்டர், ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர் இதைச் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாரே என்னும் சிற்றூரில் மூன்று மாதம் தங்கி, நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இதே மரபின் விபாசனா தியானம் பயின்ற 17 பேர் ஒரு பக்கம். ஒரு மணி நேர வகுப்புக் கேட்டு, சோதனைக்கு முந்தைய ஒரு வாரம் தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்த 23 புதியவர்கள் மறுபக்கம். மூன்று மாதத்துக்கு முன்னும் பின்னும் இரு தரப்புக்கும் அதே மின்னல் வேகச் சோதனை. எழுத்துகளுக்கு நடுவில் இரண்டு எண்கள். பயின்றவர்கள் இரண்டாவது எண்ணைப் பிடிப்பதில் புதியவர்களைவிட மிகுதியாக முன்னேறியிருந்தார்கள். சோதனை நடக்கும்போது அவர்கள் தியானம் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சியில் வந்த மாற்றம் பயிற்சி நேரத்துக்கு வெளியேயும் நின்றிருந்தது.

மூளை மின்னலைகளைப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிந்தது. பயின்றவர்களின் மூளை முதல் எண்ணுக்கு முன்பைவிடக் குறைவாகச் செலவிட்டிருந்தது. யாரிடம் இந்தச் செலவு அதிகம் குறைந்ததோ, அவர்களே இரண்டாவது எண்ணை அதிகம் பிடித்தவர்கள். கையிருப்பு கூடவில்லை, முதல் எண்ணைப் பார்த்து, அறிந்து, விட்டுவிட அவர்கள் பழகியிருந்தார்கள். வயிறு எழும்பியதைக் குறித்துவிட்டு அதிலேயே தங்காமல் தாழ்வதற்குப் போவது என்று நாளெல்லாம் செய்தது இந்த வேலையைத்தானே!

அப்படியானால் தியானத்தில் மனம் ஓடிப்போவது தோல்வியா? புதிதாக உட்காருகிறவர்களில் பலர் பாதியில் கைவிடுவது இந்த எண்ணத்தால்தான். ‘எனக்கு மனசு நிக்கவே மாட்டேங்குது, எனக்கு ஒத்துவராது.’ இதற்கு அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் வெண்டி ஹாசன்காம்ப் 2012-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல மறுமொழி. தியானப் பழக்கமுள்ள 14 பேரை மூளைப் படக்கருவிக்குள் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மனம் எங்கோ போய்விட்டது என்று தெரிந்த அந்தக் கணத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தை வைத்து நான்கு கட்டங்கள் பிரிந்து தெரிந்தன. மனம் அலையும்போது, சும்மா இருக்கையில் செயல்படும் வலைப்பின்னல் விழித்திருக்கிறது. அலைந்ததை உணரும் கணத்தில், எது முக்கியம் என்று உணர்த்தும் பகுதிகள் எழுகின்றன. திருப்பும்போதும் திரும்பி நிலைக்கும்போதும் நெற்றிக்குப் பின்னுள்ள நிர்வாகப் பகுதி வேலைசெய்கிறது. பிறகு மறுபடி அலைச்சல். இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அலையாத மனத்துக்கு உணர்வதிலும் திருப்புவதிலும் பயிற்சியே கிடைக்காது. ஓடிப்போனதைக் கண்டுகொண்ட ஒவ்வொரு முறையும் ஒரு பயிற்சி முடிந்தது என்றே கணக்கு.

நம் மரபும் இதை அறிந்திருந்தது என்றே நினைக்கிறேன். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் விவரிக்கும் எட்டு உறுப்பு யோகத்தில், தியானத்துக்கு முன் தாரணை, தாரணைக்கு முன் பிரத்தியாகாரம். வெளியே ஓடுவதை உள்நோக்கித் திருப்புவதற்கென்றே தனியாக ஒரு படி. நிலைநிறுத்துவது அதற்குப் பிறகுதான்.

நீண்ட நேரம் சலிக்காமல் கவனிப்பது இன்னொரு திறன். 1948-இல் நார்மன் மேக்வொர்த், ராடார் பார்ப்பவர்களின் வேலையை ஒத்த கடிகாரச் சோதனையில், முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்குவதைக் காட்டினார். கொலராடோவில் 2007-இல் 60 பேரை வைத்து நடந்த சமதா திட்டம், தியானப் பயிற்சியால் இந்தச் சரிவைக் குறைக்க முடியுமா என்று சோதித்தது. கிளிஃபோர்ட் சாரன் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், மூன்று மாதத் தங்கல் பயிற்சிக்குப் பின் கோடுகளின் நீளத்தில் இருந்த நுண்ணிய வேறுபாடுகளைக்கூடப் பயின்றவர்கள் கண்டுபிடித்தார்கள்; அதனால் கவனித்துக்கொண்டே இருப்பதும் அவர்களுக்கு எளிதானது.

மூன்று மாதம், பத்து மணி நேரம் என்றெல்லாம் படிக்கும்போது, வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடுகிறவர்களுக்கு மலைப்பு வரும். தினம் ஐந்து நிமிடத்தில் இதே பலன் என்று விற்கும் செயலிகளை நம்ப இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை. ஆனால் குறைந்த அளவுக்கும் ஓரளவு சான்று உண்டு. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 48 கல்லூரி மாணவர்களிடம் மைக்கேல் ம்ராசெக் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வார வகுப்புக்குப் பின் படிக்கும்போது மனம் அலைவது குறைந்தது, வாசிப்புத் தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்தது. கொலராடோவில் பயின்றவர்களில் 40 பேரை ஏழு ஆண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது, அன்று பெற்றதில் ஒரு பகுதி இன்னும் இருந்தது. வயது ஏற ஏறக் கவனம் தளர்வது இயல்பு. அந்த ஏழு ஆண்டும் பயிற்சியை விடாமல் மிகுதியாகச் செய்தவர்களிடம் அந்தத் தளர்ச்சி குறைவாகவே தெரிந்தது.