கட்டளை வரியில் அடுக்குத் தெரிவுகள்

மாணவர்களே, கட்டளை வரியில் ஒரு தெரிவுக்குப் பெறுமானம் கொடுப்பது எளிது. நிறம்=சிவப்பு என எழுதினால் போதும். ஆனால் அந்தப் பெறுமானத்துக்குள்ளேயே வேறு தெரிவுகள் இருந்தால்? பெட்டிக்குள் பெட்டியை ஒரே வரியில் எவ்வாறு எழுதுவது?

கியூஎம்யூ என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கிக் காட்டும் இதனை 2003இல் பப்ரிஸ் பெலார் என்பவர் வெளியிட்டார். இதற்கு ஒரு வன்தட்டை அறிமுகப்படுத்தும்போது, தட்டின் வடிவத்தையும் அது இருக்கும் கோப்பின் விபரங்களையும் கூறவேண்டும். குறியீடுகளை மாற்றாமல், சொற்களை மாத்திரம் தமிழில் தருகிறேன்.

இயக்கி=கியூகவ்2,கோப்பு.இயக்கி=சாதாரணம்,கோப்பு.பெயர்=தட்டு.இமேஜ்

காற்புள்ளி ஒரு தெரிவை அடுத்ததிலிருந்து பிரிக்கிறது. புள்ளி உள்ளே இறங்குவதைக் காட்டுகிறது. 'கோப்பு.பெயர்' என்பதைக் 'கோப்பினது பெயர்' என ஆறாம் வேற்றுமையாக வாசியுங்கள். கலைப்பிரிவில் படித்த எனக்கு இப்படித்தான் விளங்கியது! ஒரே வகையில் பல இருப்பின் எண் இடப்படும்: பிள்ளை.0.பெயர், பிள்ளை.1.பெயர். எண்ணுதல் 0இல் தொடங்குவதைக் கவனிக்க.

இனி, பலர் தவறும் இடம். 'தட்டு.இமேஜ்' என்பதிலும் புள்ளி உண்டு. அது எதையும் பிரிக்காது. சமன் குறிக்கு இடப்பக்கத்துப் புள்ளியே பிரிக்கும்; வலப்பக்கத்தில் அது வெறும் எழுத்து. காற்புள்ளி அப்படியல்ல, வலப்பக்கத்திலும் பிரித்துவிடும். ஆகவே கோப்பின் பெயரிலேயே காற்புள்ளி இருந்தால் அதனை இரட்டித்து, 'பழைய,,தட்டு' என எழுதவேண்டும். மறந்தால் 'தட்டு' என்பது புதிய தெரிவாகக் கொள்ளப்பட்டுப் பிழைச் செய்தி வரும். அதுவாவது கண்ணுக்குத் தெரியும். பிறர் தந்த பெயரில் காற்புள்ளியும் சமன் குறியும் சேர்ந்து வந்தால், நீங்கள் கேளாத தெரிவொன்று சத்தமின்றி உள்ளே நுழைந்துவிடலாம்.

அடுக்குகள் கூடும்போது ஜேசன் வடிவில், நெளி அடைப்புகளுக்குள் எழுதுவதே தெளிவு. புள்ளி முறையில் 4096 என்பதும் எழுத்துத் தொடராகவே வாசிக்கப்படும். ஜேசனில் அது எண். ஆனால் ஜேசனின் இரட்டை மேற்கோள்களை யுனிக்ஸ் வகை ஓடு நீக்கிவிடும். எனவே முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் இடவேண்டும்.

பயிற்சி: கோப்பு.பெயர்=அ,,ஆ.இமேஜ் என்பதில் கோப்பின் உண்மைப் பெயர் யாது?
விடை: அ,ஆ.இமேஜ்