பூஜ்யம் வந்தால் வெற்றி

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதல் வகுப்புக் குழந்தைகூட மூன்று என்று சொல்லிவிடும். பைத்தான் மொழியில் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்கும் வழக்கமான கட்டளையைக் கொடுத்தால் ஐந்து என்று பதில் வரும். யூனிகோடு முறையில் த, ம, இகரக் கொக்கி, ழ, மேலே ஒரு புள்ளி என ஐந்து குறியீடுகளாக அந்தச் சொல் கணினிக்குள் சேமிக்கப்படுகிறது. பைத்தான் அந்தக் குறியீடுகளை எண்ணுகிறது. தமிழில் குறுக்கெழுத்துப் புதிர் செயலி செய்கிறவர் இதை நம்பிக் கட்டம் போட்டால் புதிரே பாழாகிவிடும்.

அதனால் நிரலாளர் சொந்தமாக ஒரு எழுத்து எண்ணியை எழுதுகிறார். கொக்கி, கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ண வேண்டும் என்பது விதி. எழுதியாயிற்று. சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? கையால் நாலு சொற்களைக் கொடுத்துப் பார்க்கலாம். இன்றைக்குப் பார்ப்பார், நாளைக்கும் பார்ப்பார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அந்தக் கோடில் கை வைக்கும்போது யார் பார்ப்பது?

இங்கேதான் தானியங்கிச் சோதனை வருகிறது. நிரலைச் சோதிக்க எழுதப்படும் இன்னொரு சிறு நிரல் அது. எழுத்து எண்ணியின் பக்கத்தில் ஒரு கோப்பைத் திறந்து, 'தமிழ்' கொடுத்தால் 3 வர வேண்டும், 'கொடி' கொடுத்தால் 2 வர வேண்டும் என்று எழுதி வைப்பார்கள். 'கொ' என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே வேறு வேறு. எனவே 'கொடி'க்கு இரண்டு சோதனைகள். நான்காவதாக 'லக்ஷ்மி': ல, க்ஷ், மி என மூன்று எழுத்து வர வேண்டும்.

இப்போது டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில் 'பைடெஸ்ட்' என்று தட்டி என்டரை அழுத்தினால் போதும். அந்தக் கருவி 'டெஸ்ட்' என்று பெயர் தொடங்கும் கோப்புகளைத் தானே தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டுகிறது. தேறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைக்கிறது. தவறியதற்கு எஃப் என்ற எழுத்து. மூன்று புள்ளிகள் விழுகின்றன. நான்காவது இடத்தில் எஃப். அதன் கீழே கோப்பின் பெயர், வரி எண், '3 வர வேண்டிய இடத்தில் 4 வந்தது' என்ற விவரம். 'க்ஷ' என்பது க், ஷ என்று பிரிந்து எண்ணப்பட்டுவிட்டது. தவறு எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. விரல் வைத்துக் காட்டிவிட்டது.

திரையில் தெரிவதை மனிதர் படிக்கிறார். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விடையும் அதே நொடியில் பிறக்கிறது. கட்டளைத் திரையில் ஓடும் எந்த நிரலும் முடியும்போது தன்னைக் கூப்பிட்ட அமைப்புக்கு ஓர் எண்ணைத் திருப்பித் தரும். யூனிக்ஸ் உலகின் நெடுநாள் வழக்கம் இது: பூஜ்யம் என்றால் எல்லாம் நலம், வேறு எந்த எண் என்றாலும் ஏதோ கோளாறு. வெற்றிக்கு ஒரே வழி, தோல்விக்குப் பல வழி என்பதால் இந்த ஏற்பாடு வசதியானது. பைடெஸ்டில் எல்லாச் சோதனையும் தேறினால் 0. ஏதாவது தவறினால் 1. யாராவது நடுவில் நிறுத்தினால் 2. சோதனை எதுவுமே அகப்படவில்லை என்றால் 5. இந்த ஐந்தாம் எண்ணை யோசித்து வைத்தவரைப் பாராட்ட வேண்டும். கோப்பின் பெயரை யாரோ தவறுதலாக மாற்றிவிட்டதால் ஒரு சோதனைகூட ஓடாமல் போனால், 'தவறு ஏதும் இல்லை' என்று பொய்யாக மகிழ்ந்துவிடாமல் அது காக்கிறது.

இந்த ஓர் எண்தான் கட்டளை வழிச் சோதனையின் உயிர். பட்டனை அழுத்தி, சாளரத்தைத் திறந்து, பச்சை நிறம் வந்ததா என்று பார்க்கும் சோதனைக்கு ஆள் வேண்டும். ஒரு வரியில் கூப்பிட்டு ஓர் எண்ணில் பதில் பெறும் சோதனைக்கு ஆள் வேண்டாம். இன்னொரு நிரலே கூப்பிட்டுக்கொள்ளும். நிரலாளர் தன் மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தவுடன், திரையே இல்லாத ஏதோ ஒரு சர்வரில் ஜென்கின்ஸ், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற கருவிகள் அதே ஒற்றை வரியை ஓட்டுகின்றன. பூஜ்யம் வந்தால் மாற்றம் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. வராவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. நடுராத்திரியானாலும் பொங்கல் விடுமுறையானாலும் சரி.

இந்த வழக்கம் புதிதல்ல. 1987இல் வெளியான பெர்ல் மொழியின் முதல் பதிப்போடேயே சோதனைகளும் வந்தன. ஒவ்வொன்றும் 'ஓகே 1', 'நாட் ஓகே 2' என்று வரி வரியாக அச்சிடும். பத்தாண்டு கழித்து, 1997இல் கென்ட் பெக், எரிக் காமா என்ற நிரலாளர்கள் இருவரும் சூரிச்சிலிருந்து அட்லான்டா போகும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஜாவா மொழிக்கான சோதனைக் கருவியான ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினார்கள். இன்று ஏறக்குறைய எல்லா மொழிக்கும் அதன் வாரிசு ஒன்று உண்டு.

சோதனையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று பார்க்க விரும்புகிறவர் எஸ்கியூலைட்டைப் பார்க்க வேண்டும். பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் ஆண்ட்ராய்டு, ஐபோன் எதுவானாலும் கைப்பேசிக்குள் அது இருக்கிறது. தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், பிரவுசரின் வரலாறு போன்றவற்றைச் சேமித்துத் தரும் சிறிய தரவுத்தள மென்பொருள் இது. அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் உருவாக்கியது. கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்தபோது முளைத்த யோசனை. 2023ஆம் ஆண்டின் ஒரு பதிப்பில் அதன் மூல நிரல் சுமார் 1,55,800 வரிகள். அதைச் சோதிக்க எழுதப்பட்டவை ஒன்பது கோடியே இருபது லட்சம் வரிகள். அதாவது ஏறக்குறைய 590 மடங்கு.

அந்தச் சோதனைகள் எதைத்தான் தேடுகின்றன? ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். நிரல் ஓடும்போது நினைவகத்தில் இடம் கேட்கும். கைப்பேசியில் நினைவகம் தீர்ந்துபோயிருந்தால் 'இடம் இல்லை' என்று பதில் வரும். பல நிரல்கள் அந்த இடத்தில் அப்படியே விழுந்துவிடும். எஸ்கியூலைட்டின் சோதனை வேண்டுமென்றே இடம் மறுக்கிறது. முதல் முறை கேட்கும்போதே மறுத்து, நிரல் பதறாமல் சமாளிக்கிறதா என்று பார்க்கிறது. அடுத்த சுற்றில் முதல் கோரிக்கைக்கு இடம் கொடுத்து இரண்டாவதை மறுக்கிறது. பிறகு மூன்றாவதை. இப்படியே, எந்த மறுப்பும் குறுக்கிடாமல் வேலை முழுவதும் முடியும் வரை சுற்று சுற்றாக ஓடுகிறது. முடிந்ததும் முழுத் தொடரையும் இன்னொரு விதமாக ஓட்டுகிறார்கள்: ஒருமுறை மறுக்கத் தொடங்கினால் அதன் பிறகு கடைசி வரை மறுப்புதான்.

மின்வெட்டுச் சோதனையும் இப்படித்தான். தரவை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த நிரலைக் கொன்றுவிட்டு, வட்டுக்கு இன்னும் போய்ச் சேராத பகுதிகளைக் கண்டபடி சிதைத்துவிட்டு, மறுபடி திறக்கிறார்கள். தொடங்கிய பரிவர்த்தனை முழுதாக முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொடங்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தொங்கக் கூடாது. வங்கிக் கணக்கு ஒன்றில் பணம் கழிந்து இன்னொன்றில் ஏறாத நிலையை நினைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு ஏன் என்று புரியும்.

இத்தனையையும் தினமும் ஓட்ட முடியாது. எனவே படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்க்கும் முன் ஓட்டுவதற்கு 'வெரிகுயிக்' என்றொரு தொகுப்பு. சுமார் மூன்று லட்சம் சோதனைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மற்றவை வெளியீட்டுக்கு முன். விமான மென்பொருளுக்கான டிஓ-178பி தரவிதி கேட்கும் அளவுக்கு, நிரலின் ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொரு நிபந்தனையையும் தொட்டுப் பார்க்கும் சோதனைத் தொகுப்பும் தனியாக உண்டு. இன்னொரு விதியும் வைத்திருக்கிறார்கள். யாராவது ஒரு பிழையைச் சொன்னால், அந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை தொகுப்பில் சேரும் வரை அது தீர்ந்ததாகக் கணக்கில்லை. சிறிய குழுக்கள் எஸ்கியூலைட்டிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இந்த விதியை எடுத்துக்கொள்ளலாம். செலவில்லாதது, நாளைக்கே தொடங்கக்கூடியது.

இதற்கு நேர் எதிரான கதை நியூயார்க் பங்குச் சந்தையில் நடந்தது. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி காலை, நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் மென்பொருள் முக்கால் மணி நேரத்துக்குள் லட்சக்கணக்கான தவறான பரிமாற்றங்களைச் செய்துவிட்டது. நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் விசாரித்து வெளியிட்ட ஆணையில் காரணம் விரிவாக இருக்கிறது. எட்டு சர்வர்களில் ஏழில்தான் புதிய கோடு ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில், 2003லிருந்தே பயன்படுத்தாமல் விட்ட பழைய பகுதி ஒன்று விழித்துக்கொண்டது. அந்தப் பகுதியில், பரிமாறிய பங்குகளைக் கணக்கிட்டு 'போதும்' என்று நிறுத்தும் வேலையை 2005இல் வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். நகர்த்திய பின் அது இன்னும் சரியாக நிற்கிறதா என்று மறுபடி சோதிக்கவில்லை. ஏழு ஆண்டு கழித்து அது நிற்காமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே போனது.

பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கவும், சோதனை முடிவில் திரும்பி வரும் அந்த ஒற்றை எண் உதவுகிறது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கிட் மென்பொருளில் 'பைசெக்ட் ரன்' என்றொரு கட்டளை உண்டு. ஆயிரம் மாற்றங்களுக்கு முன் சரியாக இருந்தது, இன்று இல்லை என்று மட்டும் சொல்லி, கூடவே சோதனைக் கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும். அது நடுவில் உள்ள மாற்றத்துக்குப் போய்ச் சோதனையை ஓட்டும். பூஜ்யம் வந்தால் பிழை அதற்குப் பின்னால். வராவிட்டால் அதுவோ அதற்கு முன்னால் வந்ததோ. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஏறக்குறைய பத்தே முறையில் குற்றவாளி அகப்பட்டுவிடும். நிரலாளர் அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

இந்த எண்ணையே நம்ப முடியாமல் போவதும் உண்டு. கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒருமுறை தேறி, மறுமுறை தவறும் சோதனைகளை நிரலாளர்கள் 'ஃபிளேக்கி' என்பார்கள். தன் சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவுக்கு இந்தத் தள்ளாட்டம் இருப்பதாக கூகுள் 2016இல் எழுதியது. காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. சென்னையில் இருக்கும் ஒருவர் 'இன்றைய தேதி' சரியாக வருகிறதா என்று ஒரு சோதனை எழுதுகிறார். சர்வர் ஓடுவது உலகப் பொது நேரத்தில், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். பகலெல்லாம் சோதனை தேறும். நள்ளிரவிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குள் ஓடினால் மட்டும் தவறும். வேலை நேரத்தில் ஓட்டிப் பார்க்கிற யார் கண்ணிலும் படாது. இப்படிப்பட்ட சோதனையை 'மறுபடி ஓட்டு, தேறிவிடும்' என்று பழகிக்கொள்வது ஆபத்து. நிஜமான பிழை வரும்போதும் அதையேதான் செய்யத் தோன்றும். சோதனைக்குள் தேதியை நிலையாக ஒன்றாக வைத்துவிட்டால் தள்ளாட்டம் நின்றுவிடும்.

எஸ்கியூலைட்டுக்கே ஒரு பாடம் கிடைத்தது. 2015இல் மிஹால் ஜலேவ்ஸ்கி என்ற பாதுகாப்பு வல்லுநர் தான் உருவாக்கிய ஏஎஃப்எல் என்ற கருவியை அதன்மேல் ஏவினார். உள்ளீடுகளைக் கண்டபடி கலைத்துக் கலைத்துக் கொடுத்து, நிரலுக்குள் புதிய பாதை எது திறக்கிறது என்று கவனித்துக்கொண்டே போகும் கருவி அது. மனிதர் எழுதிய கோடிக்கணக்கான வரிச் சோதனைகளுக்குத் தப்பிய பிழைகள் இருபதுக்கும் மேல் வெளியே வந்தன. ஹிப்பின் குழு அவற்றைத் திருத்தியதோடு, அந்தக் கருவி கண்டுபிடித்த விசித்திரமான உள்ளீடுகளையும் சேமிக்கத் தொடங்கியது. இன்று எஸ்கியூலைட்டின் மூல நிரலை இறக்கிக்கொண்டு 'மேக் டெஸ்ட்' என்று தட்டுகிற யாருடைய கணினியிலும், மற்றச் சோதனைகளோடு அந்த உள்ளீடுகளும் மறுபடி ஒருமுறை ஓடுகின்றன.