தூண்டில் நீடித்து உழைக்க



மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் குளம் குட்டைக்கு ஏறிவரும். சாயங்காலம் ஒரு மணி நேரம் தூண்டில் போட்டால் வீட்டுக் குழம்புக்கு ஆச்சு. ஆனால் போன வருஷத்துக் கம்பைப் பரணிலிருந்து இறக்கினால் மாவாகக் கொட்டுகிறது. தக்கையோ தண்ணீர் குடித்து முழுகுகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விதியை மனசில் வையுங்கள்: காயவைத்த பிறகே பூசணும். ஈரத்தோடு பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் பூசணம் பிடிக்கும். பூச்சும் கொப்புளித்து உரியும்.

கம்புக்கு மூன்று வருஷம் முற்றிய மூங்கிலாகப் பாருங்கள். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் துளைக்கும் வண்டு வருகிறது. வெட்டிய கம்பை இரண்டு மூன்று வாரம் வாய்க்கால் தண்ணீரில் கல் வைத்து அமுக்கிப் போட்டால் அந்தச் சத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். பிறகு நிழலில் நிறுத்தி ஒரு மாதமாவது உலர்த்துங்கள். கடும் வெயிலில் போட்டால் வெடித்துப் போகும். கோணல் இருந்தால் தணலில் வாட்டி நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்துக்கொள்ளணும்.

காய்ந்த கம்புக்கு, பெயிண்டுக் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகிப் படலமாகும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் அப்படி இறுகாது. பிசுபிசுவென்று தூசியைத்தான் பிடிக்கும். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுடாதீங்க. அது தானாகவே சூடேறித் தீப்பற்றலாம். விரித்துக் காயப்போடுங்கள்.

தக்கைக்கு நெட்டியைவிட லேசான பொருள் நம் பக்கத்தில் கிடைப்பது அரிது. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயில் மாதிரி செய்வதும் இந்த நெட்டியில்தான். அதற்குள் நிறைய காற்றறைகள் உண்டு. வெட்டிய முகத்தை அடைக்காவிட்டால் அந்த அறைகளில் தண்ணீர் புகுந்துவிடும். உலர்ந்த நெட்டியை விரல் நீளத்துக்கு வெட்டி, நூல் கோக்கத் துளை போட்டு, உருகிய மெழுகில் முக்கி எடுங்கள். துளைக்குள்ளும் மெழுகு படணும். பலபேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினால் தீப்பற்றும் பயம் குறைவு.

பருத்தி நூல் என்றால் ஆவாரம்பட்டைக் கஷாயத்தில் ஊறவைத்துக் காயவைப்பது பழைய முறை. பட்டையின் துவர்ப்புச் சத்து நூல் இற்றுப்போவதைத் தாமதப்படுத்தும். நைலான் நூல் அழுகாது. ஆனால் வெயில் அதன் பலத்தைக் கெடுக்கும். நிழலில் சுற்றி வையுங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைத்தால் நூல் சூடேறி நலியாது. முள்ளைத் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் துருவும் குறையும்.

கடைசியாக ஒன்று. எத்தனை எண்ணெய் பூசினாலும் நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும். வயலுக்கு மேலே மின்கம்பி தாழ்ந்து போகிற இடத்தில் நீளக் கம்பை நிமிர்த்தாதீங்க. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கம்பு போனால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். உயிர் போனால் வராது.