அமெரிக்க பென்ஷன், இந்திய வரி: 10ஈஈ போடும் முன்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஜூலை 31 என்றிருந்த கெடுவை 2025-ல் செப்டம்பர் 15 வரை நீட்டித்தார்கள். அவகாசம் கூடக் கூடக் குழப்பமும் கூடுகிறது போலும். அமெரிக்காவில் உழைத்துவிட்டு கோவைக்கும் திருச்சிக்கும் திரும்பிய வாசகர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: “என் 401(கே) பணம் அங்கேயே கிடக்கிறது. ஒரு டாலர்கூட எடுக்கவில்லை. ஆடிட்டர் 10ஈஈ போடச் சொல்கிறார். போடலாமா?”

ஆர்.என்.ஓ.ஆர்., அதாவது ஊர் திரும்பிய முதல் சில ஆண்டுகளில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி கேட்காத நிலை, எத்தனை ஆண்டு ஓடும் என்பதெல்லாம் ஊர் திரும்பியவர்களுக்கு மனப்பாடம். அந்தச் சலுகைக் காலம் முடிந்த பிறகுதான் சிக்கலே.

401(கே) போன்ற ஓய்வுக்காலக் கணக்கில் பணம் வளரும்போது அமெரிக்கா வரி கேட்பதில்லை, எடுக்கும்போது கேட்கும். நம் சட்டமோ உலகின் எந்த மூலையில் வருமானம் சேர்ந்தாலும் சேர்ந்த ஆண்டிலேயே கேட்கும். கைக்கு வராத காசுக்கு இங்கே இப்போது வரி, பத்து வருஷம் கழித்து எடுக்கும்போது அங்கே வரி. ஆண்டு வேறு வேறு என்பதால் அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்வதும் பெரும்பாடு. இதற்காகத்தான் 2021 நிதிச் சட்டத்தில் 89ஏ பிரிவு வந்தது. 10ஈஈ படிவம் கொடுத்துவிட்டால், அந்த நாடு வரி போடும் ஆண்டில்தான் இந்தியாவும் போடும். இது அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டும்.

சட்டம் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘நிவாரணம்’. வெள்ள நிவாரணம் வாங்கியவரிடம் யாரும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை. இதில் வரி ஒரு ரூபாயும் குறையவில்லை, கட்டும் தேதிதான் தள்ளிப்போகிறது. அந்தத் தேதியும் உங்கள் கையில் இல்லை என்பது இதற்கான 21ஏஏஏ விதியைப் படித்தால்தான் தெரியும்.

ஒருமுறை 10ஈஈ கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. வரும் ஆண்டுகள் அனைத்துக்கும், உங்களிடம் உள்ள அத்தகைய கணக்குகள் அனைத்துக்கும் அது பொருந்தும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வரிதான் உறுத்துகிறது: பிறகு எந்த ஆண்டிலாவது நீங்கள் மீண்டும் ‘நான்-ரெசிடென்ட்’ ஆகிவிட்டால், அந்த விருப்பத்தைத் தெரிவிக்கவே இல்லை என்று கொள்ளப்படும். அதுவரை தள்ளிவைத்த வளர்ச்சி முழுவதும் ஒரே மொத்தமாக வரிக்கு வந்து நிற்கும். நீங்கள் திரும்பப் பெற முடியாததை, அரசு இல்லாமலே ஆக்கிவிடலாம்!

நியூஜெர்சியில் மகளுக்குப் பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். மே 20 அன்று விமானம் ஏறுகிறீர்கள். பேரன் நடை பழகட்டும் என்று இருந்துவிட்டு, மறு ஏப்ரலில்தான் திரும்புகிறீர்கள். அந்த நிதியாண்டில் நீங்கள் இந்தியாவில் இருந்தது வெறும் 50 நாள். 60-க்குக் கீழே போய்விட்டதால் நான்-ரெசிடென்ட். 401(கே)-யிலிருந்து ஒரு சென்ட்கூட எடுக்காமலே வரி வந்துவிட்டது.

எவ்வளவு வரும்? ஆண்டுக்கு 5 லட்சம் வட்டியும் டிவிடெண்டுமாக ஐந்து ஆண்டு வளர்ந்திருந்தால் 25 லட்சம். 2025-26-க்கான புதிய முறை அடுக்குப்படி செஸ் உட்பட 3,43,200 ரூபாய். அதே 5 லட்சத்தை ஆண்டாண்டாகக் காட்டியிருந்தால், பெரிதாக வேறு வருமானம் இல்லாதவருக்கு 12 லட்சம் வரையிலான தள்ளுபடியில் வரி பூஜ்யம். ஆக, சிறிய கணக்குக்காரருக்கு இந்த ‘நிவாரணம்’ இல்லாமலிருப்பதே லாபமாக இருக்கலாம். எப்படியும் 30 சதவீத அடுக்கில் இருப்பவர், இனி ஊரைவிட்டு நகர்வதாக இல்லாதவர் என்றால் போடலாம். மற்றவர்கள் ஆடிட்டரிடம் பேரக்குழந்தைகளைப் பற்றியும் பேசிவிட்டுப் போடுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நான்-ரெசிடென்டாகவோ ஆர்.என்.ஓ.ஆர். ஆகவோ இருந்த ஆண்டுகளில் சேர்ந்த வளர்ச்சியை, பின்னால் எடுக்கும்போதும் இந்த விதி வரிக்கு இழுப்பதில்லை. ஆனால் அது எவ்வளவு என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆர்.என்.ஓ.ஆர். முடிந்த மார்ச் 31 தேதியிட்ட ஸ்டேட்மென்ட்டை இப்போதே இறக்கி, ஒரு பிரின்ட் எடுத்து, பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி? இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி வரி அமெரிக்காவுக்கு மட்டுமே. அந்நாட்டுக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவருக்கு 25.5 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள்.

மாதாமாதம் வரும் கம்பெனி பென்ஷன்? அமெரிக்கக் குடியுரிமை இல்லாவிட்டால் வரி இங்கே மட்டும். டபிள்யூ-8பென் படிவம் கொடுக்கத் தவறினால் அங்கே 30 சதவீதம் பிடிப்பார்கள்.

பிரிட்டன் ஸ்டேட் பென்ஷன்? வரி இங்கே. ஆண்டு உயர்வு இந்தியாவில் இருப்பவருக்குக் கிடையாது.

சிங்கப்பூர் சி.பி.எஃப்.? 89ஏ பட்டியலில் இல்லை.

10ஈஈ கொடுத்தால், வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்.ஏ. வேண்டாமா? வேண்டும். மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் கேட்கலாம்.

கெடு தவறினால்? இந்த ஆண்டின் வளர்ச்சிக்கு வரி கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு நிதானமாக யோசிக்கலாம்.