லிப்டு போடப் போகிறீர்களா? லைசென்சைக் கேளுங்கள்!

பாட்டிக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியாது. "ஆஸ்பத்திரியில் லிப்டு உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பொத்தானை அமுக்கினால் போதும். அரை நிமிடத்தில் மூன்றாவது மாடி!

சரி, அந்தப் பெட்டியை மாட்டியவர் யார்? அவருக்கு அந்த வேலை தெரியுமா? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

தருமபுரி 1965-ம் ஆண்டு தனி மாவட்டம் ஆனது. அந்த நாளில் லிப்டு என்றால் சென்னை எல்.ஐ.சி. கட்டிடம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று தருமபுரியிலேயே ஜவுளிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் லிப்டு வந்துவிட்டது.

கயிறு அறுந்தால்?

1854-ல் நியூயார்க் கண்காட்சியில் ஒரு வேடிக்கை நடந்தது. எலிஷா ஓட்டிஸ் என்பவர் ஒரு மேடையில் ஏறி நின்றார். கயிறு அந்த மேடையை உயரே தூக்கியது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. அப்போது கயிற்றை வெட்டச் சொன்னார்! வெட்டினார்கள். மேடை சற்று இறங்கியது. அப்படியே நின்றுவிட்டது. கயிறு தளர்ந்ததும் ஒரு வில் விரிந்து, பக்கத்துச் சட்டங்களில் இருந்த பற்களைக் கவ்விக்கொண்டதுதான் ரகசியம்.

இன்றைய லிப்டிலும் இப்படி ஒரு பிடி உண்டு. வேகம் மிஞ்சினால் அது தண்டவாளத்தைக் கவ்வும். கதவு மூடாவிட்டால் பெட்டி நகராது. ஆனால் இவற்றைச் சரியாக மாட்டினால்தானே வேலை செய்யும்!

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1939-லேயே லிப்டுக்குச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 1997-ல் வந்தது. லிப்டு அமைக்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். வேகம், தாங்கும் எடை, வடங்கள் முதலிய விவரங்களைக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மின் ஆய்வுத் துறையினர் வந்து பார்ப்பார்கள். லைசென்சு கிடைத்த பிறகே ஓட்டலாம். கட்டிடச் சொந்தக்காரர், "எல்லாம் காண்டிராக்டர் பாடு" என்று கையை விரிக்க முடியாது.

மின்சார வேலைக்குத் தனி உரிமம் உண்டு. கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம் அதைக் கொடுக்கிறது. வாசலில் போர்டு மாட்டினால் போதாது. தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரும் ஒயர்மேனும் அவரிடம் இருக்க வேண்டும். "சான்றிதழ் ஊரில் இருக்கிறது" என்பவரை ஊருக்கே அனுப்பிவிடுங்கள்!

சரக்கு லிப்டு

பயம் இங்கேதான் அதிகம். செலவு குறையும் என்று வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு கூண்டு செய்கிறார்கள். ஒரு மோட்டார், ஒரே ஒரு கம்பிவடம். கதவே கிடையாது. மூட்டையோடு ஆளும் ஏறிக்கொள்கிறார். வடம் அறுந்தால் பிடிக்க எதுவும் இல்லை.

தொழிற்சாலை லிப்டுகளுக்கு 1948-ம் ஆண்டுச் சட்டமே விதி வகுத்திருந்தது. தாங்கும் எடையைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்றது. தகுதி பெற்ற ஒருவர் 6 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுவதும் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது.

லிப்டில் விபத்து நடந்தால் உடனே ஆய்வாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர் அனுமதி தரும்வரை அந்த லிப்டை மறுபடி ஓட்டக்கூடாது.